2,000 ரூபாய் கார்: ஜெர்மனியில் ஓடியது, கோவையில் நின்றது ஏன்?

பட்ஜெட் கார் என்றதும் பலருக்கும் டாடா நானோதான் ஞாபகம் வரும். ஆனால், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1952-ல் கோவையில் ஒருவர் இரண்டு பேர் போகிற பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அவர் ஜி.டி.நாயுடு.

யார் இவர்?

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நாட்டமே இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அதையே வாங்கினார். ஓட்டியதோடு விடவில்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்ப மாட்டிப் பார்த்தார். அதுதான் அவருக்கு இன்ஜினீயரிங் காலேஜ்!

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தொழில் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. எலெக்ட்ரிக் ஷேவர், மின் மோட்டார் என அடுத்தடுத்து இறங்கினார். அடிக்கடி போய்வந்த நாடு ஜெர்மனி.

ஜெர்மனியில் என்ன நடந்தது?

போர் முடிந்த ஜெர்மனியில் மக்களிடம் காசு இல்லை. பைக்குக்கும் காருக்கும் நடுவில் ஒரு வண்டி தேவைப்பட்டது. 1955-ல் இரண்டு குட்டி கார்கள் வந்தன.

* பி.எம்.டபிள்யூ இசெட்டா: டிசைன் இத்தாலியின் ஈசோ கம்பெனியுடையது, இன்ஜின் பி.எம்.டபிள்யூவின் பைக் இன்ஜின். கதவு முன்பக்கம். ஃபிரிட்ஜ் மாதிரி திறந்தால், ஸ்டீயரிங்கும் கதவோடு விலகும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். 1962 வரை 1.6 லட்சம் வண்டிகள் தயாராகின.

* மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200: போர் விமானம் செய்த கம்பெனிக்கு விமானம் தயாரிக்கத் தடை; அதனால் மூன்று சக்கர காருக்கு வந்தது. விமானம் மாதிரியே கண்ணாடிக் கூரை, ஒருவர் பின்னால் ஒருவர் சீட். 191 சி.சி. இன்ஜின். ரிவர்ஸ் போக இன்ஜினையே எதிர்த்திசையில் ஓட வைக்கணும்.

ஜோடியாகப் பேசிக்கொண்டே போக இசெட்டா. ஓட்டுகிற த்ரில்லுக்கு மெஸ்ஸர்ஷ்மிட். பெரிய கார்களில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த பி.எம்.டபிள்யூவைத் தாங்கிப் பிடித்ததில் இசெட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாயுடு கார் என்ன ஆச்சு?

இந்த இரண்டும் வருவதற்கு 3 வருஷம் முன்பே நாயுடுவின் கார் தயார். ஆனால், 1951-ம் ஆண்டு தொழில் சட்டப்படி, கார் தயாரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயம். அது அவருக்குக் கிடைக்கவில்லை. சந்தையில் ஜெயித்ததா, தோற்றதா என்ற பேச்சுக்கே இடமில்லை. கார் சந்தைக்கே வரவில்லை.

1974-ல் நாயுடு மறைந்தார். 1945-ல் அவர் முயற்சியில் உருவான கல்லூரி, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவிநாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தில் பல நாட்டு விண்டேஜ் கார்கள் வரிசையாக நிற்கின்றன. கோவை ரோடுகளில் ஓடியிருக்க வேண்டிய அந்த 2,000 ரூபாய் கார் மட்டும் கதையாகவே நின்றுவிட்டது.