தயான் சந்த்: மட்டையைக் கீழே வைத்த பிறகு

புது தில்லி: இந்தியா கேட் அருகே உள்ள நேஷனல் ஸ்டேடியத்துக்கு 2002-ம் ஆண்டில் மேஜர் தயான் சந்தின் பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். மீரட்டில் அவர் பெயரில் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 2022 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவருக்கு பாரத ரத்னா வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் எழுப்பியிருக்கின்றனர்.

இந்தப் புகழுரைகள் அனைத்தும் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஆண்டுகளையே சுற்றி வருகின்றன. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் 23 ஆண்டுகள் வாழ்ந்த, இளைஞர்களுக்கு ஹாக்கி கற்றுத்தந்த தயான் சந்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அலகாபாதில் 1905-ம் ஆண்டு பிறந்தவர் தயான் சிங். தந்தை ராணுவத்தில் பணியாற்றியதால் அடிக்கடி ஊர் மாற வேண்டியிருந்தது; குடும்பம் இறுதியில் ஜான்சியில் நிலைகொண்டது. சிறு வயதில் ஹாக்கியைவிட மல்யுத்தமே அவருக்குப் பிடித்திருந்தது. 1922-ம் ஆண்டில், 17 வயதில், சாதாரண சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் மேஜர் பாலே திவாரி. பகல் முழுதும் பணி. பயிற்சிக்கு மாலைக்குப் பின்தான் நேரம். நிலவொளியில் ஆடியதால்தான் "சந்த்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வதுண்டு. ஹாக்கியில் அன்றைய பயிற்சியாளர் என்றால் இப்படி ஆர்வம் மிகுந்த ஒரு படை அதிகாரிதான். பட்டயமோ பாடத்திட்டமோ கிடையாது.

1926-ம் ஆண்டில் ராணுவ அணியுடன் நியூசிலாந்து சென்றார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, ஒரே தோல்வி. திரும்பியபோது கிடைத்த பதவி உயர்வு லான்ஸ் நாயக்.

ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில் அவர் ஐந்து ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தார். இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்ற கணக்கில் இந்தியா வென்றது. அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங், ஆக்ஸ்போர்டில் படித்த ஆதிவாசித் தலைவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினரின் குரலாக ஒலித்தவர், மக்களவையிலும் அமர்ந்தவர். அணித் தலைவருக்கு அரசியலில் ஒரு வழி இருந்தது. அதிக கோல் அடித்த சிப்பாயோ வஜீரிஸ்தான் மலைப்பகுதியில் இருந்த தன் படைப்பிரிவுக்குத் திரும்பினார்.

1932-ல் லாஸ் ஏஞ்சலீஸ் செல்லும் வழியில் கொழும்பில் இலங்கை அணியை 20-0, 10-0 என இருமுறை இந்தியா வென்றது. ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என்ற கணக்கில் வென்றபோது தயான் சந்த் அடித்தவை 8 கோல்கள். தம்பி ரூப் சிங் அடித்தவை 10. பெர்லினில் அணித் தலைவர் தயான் சந்தே. பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-4 எனத் தோற்றதால் தாராவைத் தாயகத்திலிருந்து அவசரமாக வரவழைத்தனர். மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் 1936 ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. களமிறங்கும் முன் உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடிக்கு வீரர்கள் வணக்கம் செலுத்தினர். பிரிட்டிஷ் இந்திய ராணுவ ஊழியர் ஒருவர் தலைமை தாங்கிய அணிக்கு அது சிறிய துணிச்சல் அல்ல. முடிவு 8-1. ஹிட்லர் அவருக்கு ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருவதாகச் சொன்னார் என்பது மேடைகளில் தவறாமல் இடம்பெறும் கதை; செவிவழிச் செய்தி என்பதற்கு மேல் அதற்கு மதிப்பளிக்கத் தேவையில்லை.

ஓய்வும் பாட்டியாலாவும்: "கோல்" என்ற அவரது சுயசரிதை 1952-ம் ஆண்டில் சென்னையிலிருந்து, "ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்" இதழின் வெளியீடாக வந்தது. ஜான்சிக்காரரின் வாழ்க்கைக் கதையை அச்சேற்றிய பெருமை தமிழகத் தலைநகருக்கு உண்டு. 1956-ம் ஆண்டில் மேஜர் என்ற நிலையில் ராணுவத்திலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டில் பத்மபூஷண் கிடைத்தது.

அதன் பின் அவர் ஏற்றது பயிற்சியாளர் பணி. ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் பயிற்சி முகாம்களை நடத்தினார். பின்னர் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்று, ஹாக்கித் தங்கத்தை முதன்முறையாக இந்தியா இழந்தது. அதற்கு மறு ஆண்டு மே மாதம், மோதி பாக் அரண்மனையில் தொடங்கப்பட்டது அந்த நிறுவனம். படைப்பிரிவுகளும் ரயில்வேயும் கல்லூரிகளும் தாமாகவே வீரர்களை உருவாக்கித் தந்த காலம் முடிந்து, பயிற்சியாளர்களை உருவாக்குவதும் அரசின் வேலை என்று தில்லி ஒப்புக்கொண்ட தருணம் அது.

தயான் சந்தின் ஆட்டத்தைக் கற்றுத்தர முடியுமா என்ற கேள்வி அன்றே இருந்தது. 1947-ல் அவர் தலைமையில் கிழக்கு ஆப்பிரிக்கா சென்ற கேசவ் தத், பின்னர் இரு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். தயான் சந்தின் திறமை கையில் அல்ல, தலையில் இருந்தது என்பது அவரது கணிப்பு; சதுரங்கக் காய்களைப் போல மற்றவர்கள் நிற்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்ததாம். பந்து மட்டையில் ஒட்டிக்கொள்ளும் மந்திரம் என்று வெளிநாட்டார் வியந்தது உண்மையில் சரியான நேரத்தில் பந்தை விட்டுக்கொடுக்கும் கலை. முகாமுக்கு வரும் இளைஞர்கள் மந்திரத்தை எதிர்பார்த்தனர்; ஆசிரியரிடம் இருந்ததோ பொறுமையும் இடம் பார்க்கும் கண்ணும்.

ஓய்வூதியம் அந்தப் பெரிய குடும்பத்துக்குப் போதவில்லை. பிள்ளைகள் ஹாக்கிக்குப் போவதை அவர் ஊக்குவிக்கவில்லை. அதனால் பிழைப்பு நடக்காது என்பது அவரது அனுபவம். அதையும் மீறி ஆடிய மகன் அசோக் குமார்தான் 1975-ம் ஆண்டு கோலாலம்பூரில், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானுக்கு எதிரான வெற்றி கோலை அடித்தார். மறு ஆண்டு மாண்ட்ரீலில் செயற்கைத் தரை வந்தது. 1928 முதல் ஒருமுறைகூடப் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. புல்தரைக்காக உருவான ஒரு கலையின் ஆசிரியர், அது பயனற்றுப்போவதைத் தன் கண்ணால் பார்த்தார்.

1979-ம் ஆண்டு இறுதியில் கல்லீரல் புற்றுநோயுடன் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனைக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்தது பொது வார்டுப் படுக்கை. மக்களவை கலைக்கப்பட்டு, காபந்துப் பிரதமராக சரண் சிங் நீடித்த நேரம் அது. தலைநகரம் ஜனவரித் தேர்தலில் மூழ்கியிருந்தது. டிசம்பர் 3-ல் உயிர் பிரிந்தது. தான் ஆடி வளர்ந்த ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே, அனுமதி பெறுவதில் ஏற்பட்ட இழுபறிக்குப் பிறகு, பஞ்சாப் படைப்பிரிவின் மரியாதையுடன் அவர் உடல் எரியூட்டப்பட்டது. எட்டு மாதங்கள் கழித்து மாஸ்கோவில் சென்னை வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது.

விருது அரசியல்: பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை மத்திய அரசு தொடங்கியது 1985-ல்; அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின். 2011-ம் ஆண்டில் 80-க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் அவருக்கு பாரத ரத்னா கோரினர். அந்த ஆண்டே விதிகள் திருத்தப்பட்டு விளையாட்டு வீரர்களுக்கும் கதவு திறந்தது. அதன் வழியே 2013-ல் முதலில் நுழைந்தவர் அப்போது மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த சச்சின் டெண்டுல்கர். 2024-ல் ஒரே ஆண்டில் ஐவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் தயான் சந்த் அதில் இல்லை. 1979-ன் காபந்துப் பிரதமர் இருந்தார்.

டோக்கியோவில் ஹாக்கி அணி வெண்கலம் வென்ற மறுநாள், 2021 ஆகஸ்ட் 6 அன்று, ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருது தயான் சந்த் பெயருக்கு மாற்றப்பட்டது. அது வீரர்களுக்கான விருது. ஆடி முடித்த பின்னும் விளையாட்டுக்காக உழைப்பவர்களுக்கென 2002 முதல் வழங்கப்பட்டு வந்த தயான் சந்த் வாழ்நாள் சாதனை விருது 2024-ல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் அர்ஜுனா வாழ்நாள் விருது வந்தது.