உழைப்பாளிக்கு உருவம் கொடுத்த ஜமீன் பிள்ளை

திருப்பூர் பனியன் தொழிலாளி குடும்பத்தோடு சென்னைக்குப் போனால், கடற்கரையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அங்கே நான்கு பேர் பெரும் பாறை ஒன்றை நெம்பித் தள்ளுகிறார்கள். அதுதான் உழைப்பாளர் சிலை. சிலையைத் தெரியாதவர் இல்லை. செய்தவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. 1899-ம் ஆண்டு, இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர்ப் பகுதியில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். உட்கார்ந்து சாப்பிட வசதி இருந்தது. அவரோ களிமண்ணில் கை வைத்தார். அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். குஸ்தி பழகினார். புல்லாங்குழலும் வாசிப்பார்.

1929-ல் சென்னை அரசாங்க ஓவியப் பள்ளியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை அங்கே இருந்தார்.

திருப்பூர் அருகே அனுப்பர்பாளையத்தில் பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டிப் பாத்திரம் செய்கிறார்கள். வெண்கலச் சிலை அப்படியல்ல, உருக்கி வார்ப்பது. முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு கட்டி, அதன் மேல் களிமண் அப்பி உருவம் பிடிக்க வேண்டும். அதன் மேல் சுண்ணச்சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் மெழுகு பூசி, மெழுகு உருவத்துக்கு உள்ளும் புறமும் தீ தாங்கும் மண்ணை அடைப்பார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த சந்தில் வெண்கலக் குழம்பை ஊற்ற வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் போச்சு, வெடித்துவிடும்! ஆறிய பிறகு மண்ணை உடைத்து, துண்டுகளைப் பொருத்தி, அரத்தால் ராவி, மருந்து பூசி நிறம் ஏற்றுவார்கள். முழுக்க முழுக்க உடம்பு நோகும் வேலை.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகிலேயே நேராக உருவம் செய்வதால், ஒரு மெழுகுக்கு ஒரே விக்கிரகம்தான். சுண்ண அச்சு இருந்தால் இன்னொன்றும் வார்க்கலாம்.

பாட்னாவில், 1942-ல் கொடி ஏற்றப் போய்க் குண்டடிபட்டு இறந்த ஏழு மாணவர்களுக்கு உள்ள நினைவுச் சிலைகளும் இவர் படைப்பே. உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்கள் யார் தெரியுமா? ஓவியப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவர், மாணவர் ஒருவர். ஜமீன் வீட்டில் பிறந்தவர் காவலாளியின் தோளையும் முதுகையும் பார்த்துப் பார்த்து மண்ணில் வடித்தார்.

1959-ம் ஆண்டு குடியரசு தினத்துக்கு முந்தின நாள் சிலை திறக்கப்பட்டது. அதே சிலையின் இன்னொரு பிரதி டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நிற்கிறது. ராய் சவுத்ரி 1975-ல் காலமானார்.