ஜான் வெஸ்லி

இங்கிலாந்தில் 1703ஆம் ஆண்டு பிறந்த ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்திலேயே நோன்பு நோற்றார். சிறைப்பட்டோரைக் கண்டு தேற்றினார். இத்தகைய ஒழுக்கமே தமக்கு மீட்பைத் தேடித்தரும் என எண்ணினார்.

1736இல், குருவாக அமெரிக்கா செல்லும் வழியில், கடும்புயல் கப்பலை அலைத்தது. வெஸ்லி சாவுக்கு அஞ்சி நடுங்கினார். உடன்வந்த ஜெர்மானிய மொரேவியச் சபையாரோ கலங்காது பாடிக்கொண்டிருந்தனர். அத்துணை அறம் செய்தும் தமக்கு வாராத அமைதி அவர்களுக்கு வாய்த்தமை கண்டு நாணினார்.

1738 மே 24 அன்று, இலண்டனில் நடந்த சிறு கூட்டமொன்றில், உரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரை படிக்கக் கேட்டார். மீட்பு நற்செயலுக்குரிய கூலியன்று. கிறிஸ்துவை நம்புவார்க்கு இறைவன் அருளும் கொடை என்பது அவர் நெஞ்சில் பதிந்தது.

அதன்பின் அறத்தைக் கைவிட்டாரோ எனின், இல்லை. முன்னினும் மிகுதியாகச் செய்தார். 1791இல், இறப்பதற்கு ஆறு நாள் முன்னரும், அடிமை வாணிகத்தை எதிர்த்த வில்பர்போர்சுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் வரைந்தார்.