கைதட்டினாங்க... மறந்துட்டாங்க! மேரி சீக்கோலைத் தெரியுமா?

ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் பேரு உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து டிரிப்ஸ் மாத்தின சிஸ்டர் பேரு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பலருக்கும் தெரியாது. நம்மைக் கவனிச்சுக்கிட்டவங்களை எவ்வளவு சீக்கிரம் மறந்துடறோம்! அப்படி ஒரு நாடே மறந்துபோன செவிலியர்தான் மேரி சீக்கோல்.

1805-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்து ராணுவ வீரர். அம்மா கறுப்பினப் பெண். தங்கும் விடுதி நடத்திக்கொண்டே மூலிகை வைத்தியமும் பார்த்தவர். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துத்தான் மேரி வைத்தியம் கற்றுக்கொண்டார். பெரிய படிப்பு, சர்டிபிகேட் எதுவும் கிடையாது.

ஆனா அனுபவம்? 1850-ல் ஜமைக்காவில் காலரா பரவியபோது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் பனாமா போனால், அங்கேயும் காலரா. பயந்து திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கி வைத்தியம் பார்த்தார். வசதியானவர்களிடம் பணம் வாங்கினார், ஏழைகளுக்கு இலவசம். 1853-ல் ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது ராணுவ முகாமுக்கு செவிலியர்களை ஏற்பாடு செய்து தரும் பொறுப்பும் இவரைத் தேடி வந்தது.

கதவு திறக்கலையா? சொந்தமா போவோம்!

அப்போது ரஷ்யாவுக்கு எதிராக கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. 1854-ல் லண்டன் போன மேரி, போர்முனைக்கு நர்ஸாக அனுப்பச் சொல்லி போர்த்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்தார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் குழுவுக்கு ஆள் எடுத்தவர்களிடமும் போய்க் கேட்டார். எல்லா இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். தன் தோல் நிறம்தான் காரணமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது.

அதோட ஊருக்குத் திரும்பியிருந்தா இந்தக் கதையே இல்லை. சொந்தக் காசில் கப்பல் ஏறினார். இறந்துபோன கணவரின் உறவினர் ஒருவரோடு சேர்ந்து, 1855-ல் பாலக்லாவா பக்கத்தில் பழைய மரம், இரும்புத் தகடு எல்லாம் சேர்த்துக் கட்டி 'பிரிட்டிஷ் ஹோட்டல்' ஆரம்பித்தார். சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம் அதுதான். துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த காயம்பட்ட வீரர்களுக்கு டீ கொடுத்து, கட்டுப் போட்டுவிட்டார். குண்டு பாயும் இடத்துக்கே மருந்துப் பையோடு போனார். வீரர்களுக்கு அவர் 'மதர் சீக்கோல்' ஆனார்.

கூட்டம் வந்தது, காசு வரலை

1856-ல் போர் முடிந்தது. வாங்கிப் போட்ட சரக்கெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போக, லண்டன் திரும்பிய மேரி திவாலானார். அவரை மறக்காதவர்கள் அந்த வீரர்கள்தான். 1857-ல் அவருக்கு நிதி திரட்ட பிரமாண்ட விழா நடந்தது. நாலு நாள், ஆயிரக்கணக்கில் கூட்டம், கைதட்டல், ஆரவாரம். கடைசியில் அவர் கைக்கு வந்தது சொற்பப் பணம்தான்! அதே வருஷம் அவர் எழுதிய சுயசரிதையும் வெளிவந்தது. பத்து வருஷம் கழித்து, 1867-ல் அரச குடும்பத்தின் ஆதரவோடு இன்னொரு நிதி திரட்டிய பிறகுதான் அவர் நிலைமை சீரானது.

1881-ல் லண்டனில் இறந்தார். அதுக்கப்புறம் உலகம் அவரைச் சுத்தமாக மறந்தது. 1973-ல்தான் அவர் கல்லறை புதுப்பிக்கப்பட்டது. 2016-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைத் தோட்டத்தில் சிலை எழுந்தது. நைட்டிங்கேல் நர்ஸிங் பள்ளி தொடங்கிய அதே மருத்துவமனை! மேரி இறந்து 135 வருஷம் ஆகியிருந்தது.

சரி, நமக்கு என்ன?

சிலை வைக்க 135 வருஷம் ஆகலாம். நன்றி சொல்ல ஒரு நிமிஷம் போதும். மேரியின் வாழ்க்கை நமக்கு மூணு விஷயம் சொல்லுது.

ஒண்ணு, பாராட்டு உயிரோட இருக்கும்போதே போய்ச் சேரணும். உங்க பாட்டியைப் பார்த்துக்கிற ஹோம் நர்ஸையும், வார்டைச் சுத்தம் செய்யற அக்காவையும் பேர் கேட்டு, பேர் சொல்லி நன்றி சொல்லுங்க.

ரெண்டு, அதை மேலே இருக்கிறவங்க காதுக்கும் கொண்டு போங்க. குறை இருந்தா மட்டும் புகார்ப் புத்தகம் கேட்கிற நாம, நல்லது நடந்தாலும் நாலு வரி எழுதிக் கொடுக்கலாமே?

மூணு, கைதட்டல் வயித்தை நிரப்பாது. உங்க கிளினிக்லயோ முதியோர் இல்லத்துலயோ நாலு பேர் வேலை பார்க்கிறாங்களா? கேக் வெட்டுறது நல்லதுதான். அதுக்கு முன்னாடி சம்பளம் தேதி தவறாம வரட்டும், வார லீவு நிஜமாவே லீவா இருக்கட்டும்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரி போனா, சிஸ்டரோட பேட்ஜைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. அங்கே ஒரு பேரு இருக்கும்.