இராஜபாளையம் தந்த முதலமைச்சர்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நூற்பாலைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் பெயர் பெற்று விளங்கும் ஊர் இராஜபாளையம். அதற்குச் சற்று வடக்கே ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர். இவ்விரு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் போய்வரும் நம்மில் பலருக்கும் பி.எஸ். குமாரசாமி ராஜா என்னும் பெயர் பழக்கமானதே. முதலமைச்சராக இருந்தவர், காந்தியவாதி, தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தவர் என்னும் மூன்று செய்திகளோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக் கொள்கிறோம். அவர் ஆண்ட மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். எனினும் குமாரசாமி ராஜா அவர்களின் வாழ்வை முழுவதுமாகச் சொன்னாலும் அவர் பெருமை குறையாது என்பது என் எண்ணம்.

அவர் 1898ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் இராஜபாளையத்தில் பிறந்தார். விசயநகரப் பேரரசின் காலத்துக்குப் பின் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் மரபைச் சேர்ந்தவர். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பம். பிறந்த சில நாட்களிலேயே அன்னையை இழந்தார். மழலை மாறாத வயதிலேயே தந்தையும் காலமானார். பாட்டியும் தமக்கையும் அவரை வளர்த்து ஆளாக்கினர். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு அது. ஆயினும் காந்தியடிகளின் அழைப்பு அவரைக் கதராடைக்கு இழுத்தது. 1927இல் அடிகள் கதர் நிதி திரட்டத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது இராஜபாளையத்துக்கும் வந்தார். அந்நாளில் கைநூற்பும் கதரும் இவ்வூரில் செழித்திருந்தன.

காங்கிரசில் சேர்ந்த ராஜா அவர்கள் விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். இந்த இடத்தில் ஒரு சட்டத்தைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1908ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம் என்பது அதன் பெயர். ஒரு சங்கத்தைச் சட்ட விரோதமானது என்று அரசு ஒரு அறிவிக்கையால் சொல்லிவிட்டால் போதும். அதில் உறுப்பினராக இருப்பதே குற்றமாகிவிடும். 1930களின் தொடக்கத்தில் நாடெங்கும் காங்கிரஸ் கமிட்டிகளை ஆங்கில அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுதான் தடை செய்தது. பொது அமைதியைக் காக்கவே இதைச் செய்கிறோம் என்பது அன்றைய ஆட்சியாளர் சொன்ன காரணம். பாரத நாடு வேறு, காங்கிரஸ்காரர் வேறு என்பது போலவும், நாட்டின் உண்மையான நலனைத் தாங்கள் மட்டுமே அறிந்தவர்கள் போலவும் அவர்கள் பேசினர்.

1934இல் குமாரசாமி ராஜா தில்லியிலிருந்த மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இத்தகைய அடக்குமுறை அதிகாரங்களை நிலையாக்கும் மசோதா ஒன்று அங்கே வந்தது. சட்டசபை அதைத் தள்ளுபடி செய்தது. வைசிராய் வில்லிங்டன் பிரபு தம் தனி அதிகாரத்தால் அதையே சட்டமாக்கினார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை வேண்டாம் என்று சொன்ன பிறகும் தனி மனிதர் ஒருவர் கையெழுத்திட்டு அதை நடத்திக்கொள்ள முடியும் என்பதை அச்சபையின் உறுப்பினர் அனைவரும் நேரில் கண்டனர்.

1937இல் அவர் சென்னை சட்டசபைக்கு வந்தார். பிறகு உலகப் போர், விடுதலை எனப் பத்தாண்டுகள் ஓடின. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவி விலகியதும், அவ்வாண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் மாகாணத்தின் தலைமை அமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தனர். 1950 சனவரி 26இல் குடியரசு பிறந்தபோது அப்பதவி முதலமைச்சர் என்று பெயர் மாறிற்று. ஆகவே கடைசிப் பிரதமரும் முதல் முதலமைச்சரும் அவரே. அவர் ஆண்ட சென்னை இராஜ்யம் இன்றைய தமிழ்நாட்டைப் போல் பன்மடங்கு சிக்கலானது. கடற்கரை ஆந்திரம், இராயலசீமை, மலபார், தென் கன்னடம் ஆகியவை எல்லாம் அதில் அடங்கியிருந்தன. 1951 கணக்கின்படி ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் மக்கள்! தொடர்ந்து பருவமழை பொய்த்து அரிசிக்கு ரேஷன் நடந்த காலம் வேறு. (தமிழக அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நம் வட்டாரத்தில் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அந்த முத்திரை வந்ததும் 1949இல்தான்.)

அந்தச் சமயத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆயுதப் புரட்சி வழியில் இறங்கியிருந்தது. தெலங்கானாவில் பெரும் போராட்டம் நடந்தது. அதன் பொறி ஆந்திர மாவட்டங்களிலும் பறந்தது, கொலைகளும் நிகழ்ந்தன. அரசுக்கு அச்சம் ஏற்பட்டதில் வியப்பில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் ராஜா அவர்களுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். 1949இல் அக்கட்சி சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் வந்தது. குற்றம் சாட்டாமலே, வழக்கு விசாரணை இல்லாமலே பலர் சிறையில் வைக்கப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் மலபாரைச் சேர்ந்த ஏ.கே. கோபாலன். அவரும் ஒரு காலத்தில் காங்கிரஸ் தொண்டராக இருந்து ஆங்கிலேயர் சிறையைக் கண்டவர். 1947 டிசம்பர் முதல் அவர் மீண்டும் காவலில் இருந்தார். 1950 பிப்ரவரியில் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியதும், மார்ச் 1ஆம் நாள் அச்சட்டத்தின்படி சென்னை அரசின் புதிய உத்தரவு சிறைக்குள்ளேயே அவர் கையில் தரப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளைப் பற்றி அந்த நீதிமன்றம் ஆராய்ந்த முதல் பெரிய வழக்குகளுள் ஒன்று அது. மே 19இல் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் காவல் செல்லும் என்றனர். ஆனால், காவலில் வைத்ததற்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றிருந்த 14ஆம் பிரிவை மட்டும் அனைவரும் சேர்ந்து ரத்துச் செய்தனர்.

அதற்கு முன்பே ஒரு கொடுமை நடந்துவிட்டது. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் இறந்தனர். குடியரசு தோன்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களால் வெளியே நாட்டுக்கு என்ன ஆபத்து வந்திருக்கும்? எழுதும்போது எனக்கு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. சுட உத்தரவிட்டவர் குமாரசாமி ராஜா அல்லர். ஆனால் அரசு அவருடையது.

ஏடுகளும் தப்பவில்லை. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற ஆங்கில வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச்சில் உத்தரவாயிற்று. அறிஞர் அண்ணா தாம் எழுதிய ஆரிய மாயை என்னும் நூலுக்காக அவ்வாண்டு சிறை சென்றார். சென்னையில் வழக்கறிஞர் வி.ஜி. ராவ் அங்கம் வகித்த மக்கள் கல்விக் கழகம் சட்ட விரோதமானது என்று மார்ச் 10இல் அறிவிக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் என்கிறீர்களா? மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான்! காங்கிரஸ் கமிட்டிகளைப் பூட்டிய சாவியை எடுத்துக் காங்கிரஸ் அரசு இன்னொரு சங்கத்தைப் பூட்டியது. காரணமும் மாறவில்லை, பொது அமைதி, நாட்டின் பாதுகாப்பு.

இந்த இரு சொற்களையும் நாம் சற்று உற்று நோக்க வேண்டும். உலகெங்கும் எதேச்சாதிகாரிகள் பேசியது இவ்வாறுதான். செருமனியில் 1933 பிப்ரவரி 28ஆம் நாள், பாராளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே, மக்களையும் அரசையும் காப்பதற்கென்று ஒரு அவசரச் சட்டம் வந்தது. பேச்சுரிமையும் சங்க உரிமையும் போயின. முதலில் கம்யூனிஸ்டுகள் சிறைப்பட்டனர். பின்பு மற்றக் கட்சியினர். இட்லர் தம்மை ஒரு கட்சியின் தலைவராகப் பேசுவதை விட்டுத் தாமே செருமனி என்பது போலப் பேசலானார். அப்படிப் பேசத் தொடங்கிவிட்டால் அவரை எதிர்ப்பவன் எல்லாம் நாட்டின் பகைவன் ஆகிவிடுகிறான். நம் நாட்டிலும் 1975 சூன் முதல் 21 மாத நெருக்கடி நிலையின்போது உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டியே தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன.

குமாரசாமி ராஜாவை இட்லரோடு நிறுத்துவது என் நோக்கமன்று. அப்படிச் செய்வது பெரும் பாவம். ஆளும் சொற்கள் ஒன்றாக இருந்தபோதும் ஆட்கள் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைத்தான் நான் தேடினேன். தேடியதில் இரண்டு இடங்கள் கிடைத்தன.

முதலாவது நீதிமன்றம். 1950 மே 26இல் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னை அரசின் தடையை ரத்துச் செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. தெருவில் நடக்கும் சச்சரவு வேறு, அரசையே கவிழ்க்க முயல்வது வேறு; பொது அமைதி என்ற பரந்த சொல்லைச் சொல்லிப் பேச்சுரிமையைப் பறிக்கச் சாசனம் இடம் தரவில்லை என்பது அதன் சாரம். மக்கள் கல்விக் கழகத்தின் மீதான உத்தரவையும் அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதது ஆக்கியது. அரசு மேல்முறையீடு செய்து 1952 மார்ச்சு 31இல் அங்கும் தோற்றது. அவரது அரசு வழக்காடியது, தோற்றது, தோல்விக்குக் கட்டுப்பட்டது. ஆனால் இதிலும் ஒரு வருத்தம் உண்டு. தாப்பர் தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டே சாசனத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, பொது அமைதிக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆயிற்று. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். குடிமையியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் 19ஆம் பிரிவுக்குள் சென்னை இராஜ்யத்தின் இந்தக் கதையும் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். 1952இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வயது வந்த அனைவருக்கும், படிப்பும் சொத்தும் இல்லாத ஏழைப் பெண்ணுக்கும், வாக்கு கிடைத்த முதல் தேர்தல். அதில் முதலமைச்சர் தம் சொந்த வட்டாரமான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோற்றார்! அவருடைய அமைச்சர்கள் பலரும் தோற்றனர். மொத்தம் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. இராஜ்யம் முழுவதும் அதிகாரிகளும் போலீசும் அவர் கையில் இருந்தன. தடுப்புக் காவல் சட்டமும் இருந்தது. இருந்தும் பெட்டியில் விழுந்த சீட்டுகளை எண்ணினார்கள். எண்ணியதை அப்படியே அறிவித்தார்கள். சட்டசபையில் இடமில்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று சாசனம் சொல்கிறது. தேர்தலில் நிற்காத இராஜாஜி மேல்சபைக்கு நியமிக்கப்பட்டுத்தான் அப்போது முதலமைச்சரானார். குமாரசாமி ராஜா அவ்வழியை நாடவில்லை. ஏப்பிரல் 10ஆம் நாள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இறங்கினார். ஆட்சியில் இருந்தபோது நாட்டின் பெயரால் அவர் அரசு என்னென்னவோ செய்தது உண்மை. நாடும் தாமும் ஒன்று என்று அவர் ஒருபோதும் நினைத்துவிடவில்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. என் வீட்டுப் பெரியவர்கள் அவருடைய கொடையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கோ இந்தத் தோல்விதான் அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

அதே தேர்தலில் ஏ.கே. கோபாலன் கண்ணனூரிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1951இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்திருந்தது. தில்லியில் அவர் எதிர்க்கட்சி வரிசையின் முன்னணித் தலைவராக அமர்ந்தார்.

குமாரசாமி ராஜா 1954இல் ஒரிசாவின் கவர்னராக நியமிக்கப்பட்டு 1956 வரை அப்பதவியில் இருந்தார். உடல்நலம் குன்றியதால் ஊர் திரும்பினார். தாம் குடியிருந்த இராஜபாளையத்து வீட்டை அவர் பொதுமக்களுக்கே எழுதி வைத்தார். அதுவே காந்தி கலை மன்றம். தந்தை முகம் அறியாத குழந்தையாக வளர்ந்தவர், தம் கூரையைப் படிப்பவர்க்கும் பாடுபவர்க்கும் விட்டுச் சென்றார்.

1957 மார்ச்சு மாதத்தில் அவர் காலமானார். நாட்டின் இரண்டாவது பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அத்தேர்தலில் அறிஞர் அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து வென்று முதன்முறையாகச் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார். அவர் மறைந்து மூன்று வாரத்துக்குள், ஏப்பிரல் 5ஆம் நாள், மலபாரையும் சேர்த்து உருவாகியிருந்த புதிய கேரளத்தில், 1949இல் அவருடைய அரசு தடை செய்த அதே கட்சி, வாக்குச் சீட்டின் வழியாகவே ஆட்சி அமைத்தது.