கிருமியை வென்ற லிஸ்டர்

ஆபரேஷன் நல்லபடியாக முடியும். ஆனால் இரண்டொரு நாளில் புண்ணில் சீழ் பிடிக்கும். காய்ச்சல் வரும். நோயாளி இறந்துபோவார்.

சுமார் 160 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் இதுதான் நிலைமை. அதை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர்.

டாக்டர் ஆனார்

லிஸ்டர் 1827-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஒரு வியாபாரி. மைக்ராஸ்கோப் கருவியைச் சீர்திருத்தியவரும் அவரே.

லிஸ்டர் லண்டனில் படித்து டாக்டர் ஆனார். 1860-ல் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குப் பேராசிரியராகச் சென்றார்.

ரத்தக் கறை

அக்காலத்து டாக்டர்கள் ரத்தக் கறை படிந்த கோட்டுடன் ஆபரேஷன் செய்வார்கள். அந்தக் கறையே அவர்களுக்குப் பெருமை! ஒருவரை அறுத்த கத்தியைத் துடைத்துவிட்டு, அடுத்தவருக்கு எடுப்பார்கள். கெட்ட காற்றினால்தான் சீழ் பிடிக்கிறது என்று நம்பினார்கள்.

பொருள்கள் அழுகுவதற்குக் கிருமிகளே காரணம் என்று பிரான்சு நாட்டு விஞ்ஞானி பாஸ்டர் கண்டுபிடித்திருந்தார். 1865-ல் லிஸ்டர் அதை அறிந்தார். புண்ணைக் கெடுப்பதும் கிருமிதானோ என்று சிந்தித்தார்.

கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலத்தை ஊற்றினார்கள். அந்த மருந்தைப் புண்ணில் வைத்துப் பார்க்க லிஸ்டர் துணிந்தார்.

சிறுவன் பிழைத்தான்

1865 ஆகஸ்டு 12-ந் தேதி, 11 வயதுச் சிறுவன் ஒருவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பெயர் ஜேம்ஸ் கிரீன்லீஸ். வண்டிச் சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்து, புண்ணும் உண்டாகியிருந்தது. இப்படிப்பட்ட காலைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள்.

லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது!

பிறகு கைகள், கத்தி, கட்டுத்துணி எல்லாவற்றுக்கும் அந்த மருந்தையே பயன்படுத்தினார். முன்பு கை, கால் வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின்பு 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

கண்ணுக்குத் தெரியாத கிருமியா என்று பல டாக்டர்கள் கேலி செய்தார்கள். லிஸ்டர் மனம் தளரவில்லை. கடைசியில் உலகமே அவர் வழிக்கு வந்தது. 1912-ல் அவர் காலமானார்.

ஸ்கேன் கருவி

வயிற்றில் உள்ள குழந்தையை ஒலி அலையால் படம் பிடிக்கும் முறையும் அதே கிளாஸ்கோவில்தான் வளர்ந்தது. இயான் டொனால்டு என்ற டாக்டரும் அவருடைய நண்பர்களும் 1958-ல் அதை வெளியிட்டார்கள்.

ஸ்கேன் செய்யும்போது உடம்பின்மேல் வைத்து நகர்த்தும் கருவிக்குப் புரோப் என்று பெயர். ஒரே புரோப் பலருடைய உடம்பில் படுகிறது. ஆகவே லிஸ்டரின் பாடம் இதற்கும் பொருந்தும்.

ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் முடிந்ததும், முதலில் பசை போன்ற ஜெல்லை முழுவதும் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். ஜெல் ஒட்டியிருந்தால் மருந்து கிருமியிடம் போய்ச் சேராது. அதன் பிறகே கிருமிநாசினி. உடம்புக்குள் செலுத்தும் புரோப்புக்கு வீரியம் மிக்க கிருமிநாசினி தேவை. உறை போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்கக்கூடாது. உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம்.

பளபளப்பாக இருப்பதெல்லாம் சுத்தம் அல்ல. ஒரு நோயாளியைத் தொட்ட கருவி, கிருமி நீங்கிய பிறகே அடுத்தவரைத் தொடவேண்டும்.