தேசிய வருமானத்தை அளந்தவர், அளவுகோலின் குறையையும் சொன்னவர்

ஒரு நாடு தனது இயற்கைக் காடுகளை வெட்டி மரத்தை விற்றால், அந்த ஆண்டில் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி உயரும். காடு அழிந்ததால் ஏற்பட்ட இழப்பு அந்தத் தொகையிலிருந்து கழிக்கப்படுவதில்லை.

இந்தக் கணக்கு முறைக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ். ஒரு நாட்டின் நலனை வருமானக் கணக்கை மட்டும் கொண்டு அறிய இயலாது என்று தொடக்கத்திலேயே எச்சரித்தவரும் அவர்தான்.

பின்ஸ்க் முதல் வாஷிங்டன் வரை

அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த, இன்று பெலாரஸ் நாட்டைச் சேர்ந்த பின்ஸ்க் நகரில், யூதக் குடும்பமொன்றில் 1901ஆம் ஆண்டு குஸ்நெட்ஸ் பிறந்தார். உக்ரைனின் கார்கிவ் நகரில் கல்வி பயின்ற அவர், 1922இல் அமெரிக்காவில் குடியேறினார். 1926இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தால் நாடு எவ்வளவு இழந்தது என்பதைக் காட்டும் முழுமையான கணக்கு அமெரிக்க அரசிடம் இருக்கவில்லை. 1932இல் செனட் சபை அத்தகைய கணக்கைக் கோரியது. அந்தப் பணி குஸ்நெட்ஸ் தலைமையிலான சிறு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

1934இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, மூன்றே ஆண்டுகளில் தேசிய வருமானம் ஏறத்தாழ பாதியாகச் சரிந்ததைக் காட்டியது. ஊதியமில்லாத வீட்டு வேலை போன்றவை கணக்கில் சேரவில்லை என்பதையும் அது தெளிவுபடுத்தியது.

ஏற்கப்படாத ஆலோசனை

போர்த் தளவாடங்கள், விளம்பரம், ஊக வணிகம் போன்றவற்றுக்கான செலவுகளை நாட்டின் வருமானமாகக் கருதலாகாது என்று குஸ்நெட்ஸ் பின்னர் வாதிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசின் தேவை வேறாக இருந்தது. எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்பதையே அது அறிய விரும்பியது. அவ்வாறு உருவான கணக்கு முறையே போருக்குப் பின்னர் உலகெங்கும் பரவியது.

இந்திய அரசு 1949இல் அமைத்த தேசிய வருமானக் குழுவுக்கும் குஸ்நெட்ஸ் ஆலோசகராகப் பணியாற்றினார். 1971இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், 1985இல் காலமானார்.

இயற்கையின் கணக்கு

குஸ்நெட்ஸின் விமர்சனம் காடுகளையோ நீர்நிலைகளையோ மையமாகக் கொண்டதல்ல. ஆயினும், எதை வருமானம் என்று கொள்வது, எதைச் செலவாகக் கழிப்பது என்று அவர் எழுப்பிய கேள்வியே சுற்றுச்சூழல் கணக்கியலின் அடிப்படையாகும்.

உலக வள ஆய்வு நிறுவனம் 1989இல் இந்தோனேசியாவின் கணக்குகளை இவ்வாறு மறுபரிசீலனை செய்தது. எண்ணெய், காடு, மண்வளம் ஆகியவற்றின் இழப்பைக் கழித்தபோது, 1971 முதல் 1984 வரை ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதமாகக் கூறப்பட்ட வளர்ச்சி, சுமார் 4 சதவீதமாகக் குறைந்தது.

எனினும் அரசியல் தடைகள் நீடித்தன. அமெரிக்க வர்த்தகத் துறை 1994இல் தனது முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டதும், நாடாளுமன்றம் அப்பணியை நிறுத்திவைத்தது. 1932இல் தேசிய வருமானக் கணக்கைக் கேட்டுப் பெற்றதும் அதே நாடாளுமன்றத்தின் ஓர் அவையே என்பது குறிப்பிடத்தக்கது.

வருமானம் உயர உயர மாசு முதலில் கூடிப் பின்னர் குறையும் என்ற கருதுகோளுக்கு, 1990களில் வேறு ஆய்வாளர்கள் குஸ்நெட்ஸின் பெயரையே சூட்டினர். வருமான ஏற்றத்தாழ்வு குறித்து 1955இல் அவர் கூறியதைத் தழுவிய பெயர் அது. முதலில் வளர்ச்சி, பிறகு தூய்மை என்று வாதிடுவோருக்கு, அவர் வகுக்காத அந்த வளைவு துணையானது.

தாமதமான திருத்தம்

வெள்ளத்தைத் தாங்கும் சதுப்பு நிலங்கள், கடற்கரையைக் காக்கும் அலையாத்திக் காடுகள் ஆகியவை ஆற்றும் சேவைகளை அளவிடும் முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021இல் ஏற்றது. இந்தியப் புள்ளியியல் அமைச்சகமும் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டு வருகிறது.

2025இல் ஆணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளங்கள் தீர்ந்துபோவதை உற்பத்திச் செலவாகக் கருதி, நிகர உள்நாட்டு உற்பத்தியில் கழிக்கிறது. ஆனால் தேர்தல் மேடைகளிலும் வரவு செலவுத் திட்டங்களிலும் முழங்குவது மொத்த உற்பத்தியே. அந்தத் தொகையில் இந்தக் கழிவு இடம்பெறாது.

நிகரக் கணக்கை அரசுகள் கொள்கைக்கு அடிப்படையாகக் கொள்ளாதவரை, 1934இல் விடுக்கப்பட்ட எச்சரிக்கை பொருள் இழக்கப் போவதில்லை.